பலூனுக்குக் கீழே ஓடிய ஜீப்

பிரபு,

ஷிப்ட் பஸ்ஸை கம்பெனி கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங் மேல் ட்ரிப் ஷீட் அட்டையை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். காலை ஆட்களை இறக்கிவிட்டாயிற்று. மதியம் ஷிப்ட் விடும்வரை எனக்கு வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் எல்லாம் பின்சீட்டில் நீட்டிப் படுத்து குறட்டை விடுகிறார்கள். எனக்கும் உடம்பு அதைத்தான் கேட்கிறது. முட்டி இரண்டும் கிளட்ச்சை மிதித்து மிதித்துத் தேய்ந்துபோய், இப்போதெல்லாம் படியில் இறங்கும்போது நான் முனகுவதற்கு முன்னால் அவை முனகுகின்றன. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் உன் எதிரே உட்கார்ந்தால் "காபி சாப்பிடறியா" என்பதைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

ராஜஸ்தானில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. இனி நீ உதவியாளன் இல்லை, பயிற்சிக்காரன் இல்லை. கூடையில் ஏறினால் நீதான் பைலட். அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். எதிர்வீட்டு ரத்னம்மா "பலூன் விக்கறதுக்கா அவ்ளோ தூரம் போறான் புள்ள?" என்று கேட்டதற்கு, உன் அம்மா ஒரு மணி நேரம் வாசலில் நின்று பாடம் நடத்தினாள். பாதி தப்பு. கேஸ் நிரப்பிப் பறக்கவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் திருத்தவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலூனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜீப்பின் முன் சீட்டில் கற்றுக்கொண்டதுதான். வேலை பார்த்த ஃபாக்டரி மூடியபோது, பாரூர் ஏரிக்கரைப் பக்கம் பலூன் விடுகிற கம்பெனிக்கு ஜீப் ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். பெங்களூரிலிருந்து விடியற்காலையில் ஆட்கள் வருவார்கள். பலூன் மேலே போகும், நான் கீழே துரத்திக்கொண்டு போவேன். எங்கே இறங்குகிறதோ அங்கே போய் ஆட்களையும் கூடையையும் துணியையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வர வேண்டும். அந்தோணி சார் அங்கே பைலட். உனக்கு நான் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அவர் சொன்ன இடத்தில் எல்லாம் கயிறு பிடித்து நின்றாய். உன்னை முதன்முதலில் கூடையில் ஏற்றி மேலே கொண்டுபோனவர் அவர்தான். இறங்கி வந்து ஒரு வாரம் நீ சோறு தின்னாமல் பேசினாய்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இறங்கியதும் பைலட் முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில். மற்றவர்கள் எல்லாம் பின்னால், மடித்த துணி மூட்டையின் மேல். அந்தோணி சார் ஃபிளாஸ்க்கைத் திறந்து முதல் மூடிக் காபியை எனக்குத் தருவார். "கீழ ஓட்டறவனுக்குத்தாண்ணே முதல்ல. நான் காத்து போற வழியில போறேன். நீங்க ரோடு போற வழியில போய் என்னைப் புடிக்கணும்" என்பார். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான் நான் கேள்வி கேட்பேன். அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஒரு தரம் மத்தூர் பக்கம் ஒரு நிலக்கடலைக் காட்டில் இறங்கிவிட்டது. அந்தக் காட்டுக்காரம்மா களைக்கொத்தோடு ஓடிவந்தாள். தெலுங்கில் திட்டினாள். நான் தெலுங்கில் சமாதானம் சொன்னேன். பிறகு தமிழுக்கு வந்து, "உள்ள என்னாய்யா இருக்குது?" என்றாள். காற்று என்றேன். "வெளிய?" அதுவும் காற்றுதான் என்றேன். "காத்துக்குள்ள காத்து எப்படிய்யா மெதக்கும்? என்னை என்ன கேனச்சின்னு நெனச்சியா?" என்று களைக்கொத்தை ஓங்கினாள். அந்தோணி சார்தான் வந்து, "அடுப்பு எரியறப்ப மேல ஒட்டடை ஆடுறதப் பாத்திருக்கீங்களாம்மா? யாரு ஆட்டறாங்க அத?" என்று கேட்டார். அவள் களைக்கொத்தை இறக்கிவிட்டு, "அனலு" என்றாள். "அவ்வளவுதாம்மா. அந்த அனல ஒரு பெரிய பைக்குள்ள புடிச்சு வச்சிருக்கோம்" என்றார். அவள் எங்களுக்குப் பச்சைக் கடலை பிடுங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

போகிற வழியில் அவர் எனக்கு மீதியைச் சொன்னார். காற்றுக்கு எடையே இல்லை என்று நாம் நினைக்கிறோம். அந்தத் துணிக்குள் அடங்கும் காற்றை எடை போட்டால் ஒரு வண்டிச் சுமை வரும் என்றார். எனக்கு மயக்கமே வந்தது. முதலில் ஃபேன் வைத்துக் குளிர்ந்த காற்றை நிரப்புவார்கள். துணி படுத்தவாக்கிலேயே உப்பி நிற்கும். அப்புறம் சிலிண்டர் கேஸில் எரியும் பர்னரைத் திறந்து சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரியும். விரிந்த காற்றுக்கு அவ்வளவு இடம் ஏது? ஒரு பங்கு கீழ் வாய் வழியாக வெளியே போய்விடும். போன பங்கின் எடை எவ்வளவோ, அவ்வளவு சுமையைத்தான் பலூன் தூக்கும். துணி, கூடை, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெளியே குளிர்ந்திருந்தால் தூக்குவது சுலபம். வெயில் ஏற ஏற அதே சுமைக்கு நெருப்பு அதிகம் வேண்டும், தரையிலிருந்து அனல் கிளம்பிக் கூடையை உதைக்கும். விடியற்காலையில் கிளம்பி வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அதற்காகத்தான். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது. ஒவ்வொரு உயரத்தில் காற்று ஒவ்வொரு பக்கம் போகும், வேண்டிய பக்கம் போகும் காற்றைத் தேடி ஏறவோ இறங்கவோ செய்யலாம். கயிற்றை இழுத்தால் உச்சியில் இருக்கும் மூடி திறந்து சூடு வெளியே போகும், பலூன் இறங்கும். இவ்வளவுதான் பைலட் கையில் இருப்பது என்றார். இது எல்லாம் உனக்குத் தலைகீழாகத் தெரியும். எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தது யார் என்று நீ மறக்கக்கூடாது, அதற்காகத்தான் எழுதினேன்.

இன்னொன்றும் சொன்னார். பர்னரை இப்போது திறந்தால் பலூன் இப்போது ஏறாது. உள்ளே இருக்கும் அவ்வளவு காற்றும் சூடேறி, கீழே போய்க்கொண்டிருக்கும் சுமை நின்று, திரும்பி மேலே கிளம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். "கண்ணுக்கு எதிர்ல வந்தப்புறம் நெருப்பு விட்டா அது வீண் நெருப்புண்ணே. அதுக்கு முன்னாடியே விட்டிருக்கணும்" என்பார். எனக்கு இந்தப் பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குப் பரீட்சை, நீ வரவில்லை. நான்காவது நாளாகத் தொடர்ந்து வண்டி ஓட்டுகிறேன். முந்தின நாள் பலூன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இறங்கி, நனைந்த துணியை வரப்பு வரப்பாகத் தூக்கிக்கொண்டு வந்ததில் முட்டி வீங்கிவிட்டது. அன்றைக்குக் காற்று குறைந்துகொண்டே வந்தது, வெயில் ஏறிக்கொண்டே வந்தது, மேலே கேஸும் தீரும் நிலைமை. பாரூருக்கும் மத்தூருக்கும் நடுவில் ஓர் அறுவடை முடிந்த நெல் வயல் கிடைத்தது. ரோட்டோரம், ஜீப் உள்ளே போகும். அதை விட்டால் அடுத்தது கரும்பு, அதற்கப்புறம் வாய்க்கால். மறுபடியும் சுற்றிக்கொண்டு போய்த் தூக்க வேண்டும். வயலுக்கு இந்தப் பக்கம் மட்டும் ஒரு கரண்ட் லைன் ஓடியது.

அந்த வருடங்களில் காட்டு மோட்டாருக்கு த்ரீபேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். காலையில் கொஞ்ச நேரம், ராத்திரி கொஞ்ச நேரம். அந்த வாரம் அந்தப் பக்கம் ஒன்பது மணிக்கு மேல்தான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். மோட்டார் ரூம் பக்கத்தில்தான் ஜீப்பை நிறுத்தியிருந்தேன். சத்தமே இல்லை. மேலே அவரோடு பேசும் ரேடியோவை எடுத்தேன். "சார், இங்கயே எறக்கிருங்க. வயக்காடு காலியா இருக்குது. குறுக்க ஒரு லைன் இருக்குது, ஆனா அது செத்துக் கெடக்குது. ஒம்போது மணிக்குத்தான் கரண்டு" என்றேன்.

"நிச்சயமாண்ணே?" என்று கேட்டார்.

"நிச்சயம் சார். மோட்டாரே ஓடல" என்றேன்.

மோட்டார் ஓடவில்லை என்றால் த்ரீபேஸ் இல்லை என்றுதான் அர்த்தம். வீட்டு விளக்குக்கு வருகிற கரண்ட் அதே கம்பியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இது எனக்குத் தெரியாதா? நம் வீட்டிலேயே மோட்டார் ஓடாத நேரத்தில் டிவி ஓடும். தெரியும் பிரபு. அந்த நேரத்தில் என் முட்டிக்குத் தெரியவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது என்ற ஒரே நினைப்பில் வாய் பேசிவிட்டது. மோட்டார் ரூம் சுவரில் ஒரு குண்டு பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்ததை, எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

அவர் இன்னொரு தரம் நெருப்பு விட்டு லைனுக்கு மேலே தாராளமாக வந்திருக்கலாம். அப்படி ஏறினால் வயலைத் தாண்டிப் போய்விடும். செத்த லைன்தானே, உரசினாலும் பரவாயில்லை என்று ஒட்டியே வந்தார். கூடையைத் தாங்கும் கம்பி லைனில் பட்டது. பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி சத்தம், பொறி பறந்து அவர் கையைப் பற்றிக்கொண்டது. அந்த நிலைமையிலும் அவர் செய்ததைச் சொல்கிறேன், கேள். கை எரிந்துகொண்டிருக்கும்போது அதே கையால் கேஸ் வால்வை மூடினார். மறுகையால் உச்சிக் கயிற்றை இழுத்தார். கூடை ஓட்டுக்கூரை உயரத்திலிருந்து வயலில் விழுந்தது. ஒரு பெரியவருக்குக் கால் முறிந்தது. மற்ற ஐந்து பேருக்கும் சிராய்ப்பு. கேஸ் மூடியிருக்காவிட்டால் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

ஆம்புலன்ஸில் பெரியவரை அனுப்பிவைத்தார். அந்தோணி சாரைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஜீப்பில் கொண்டுபோனேன். கையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தவர், முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். பின்னால் போய் ஏறித் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். போகிற வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு தரம்கூட அவர் முன்னால் பார்க்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள், ரேடியோவில் என்ன சொன்னாய் என்று. "குறுக்க லைன் இருக்குதுன்னு சொன்னேன் சார்" என்றேன். அதுவும் நிஜம்தானே? பாதி நிஜம். எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பயம், பிரபு. வேலை போய்விடும், ஜெயில், பத்திரிகையில் பேர் என்று என்னென்னவோ பயம். அந்தோணி சார் சொன்னது, "லைனைப் பாத்தேன், என் கணக்கு தப்பிடுச்சு" என்பது மட்டும்தான். அவர் அதற்கப்புறம் பறக்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. கம்பெனியும் கொஞ்ச நாளில் மூடிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா குடும்பம் எல்லாம் இருக்கும்போது நீ சொன்னாய், "அந்தோணி சாராட்டம் லைனைப் பாத்துக்கிட்டே போயி விழற ஆளு நான் இல்லப்பா." எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள். நானும் சிரித்தேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொன்னதைக்கூட பயத்தில் சொன்னது என்று மனதுக்குச் சமாதானம் சொல்லி இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இந்தச் சிரிப்புக்கு என்ன சமாதானம் சொல்வது?

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மத்தூர் போனேன். அம்மாவிடம் பல் டாக்டர் என்று சொன்னேன், அதுவும் பொய்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தோணி சார் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்தவுடன், "இவ்வளவு வருஷம் ஆச்சாண்ணே வழி கண்டுபுடிக்க?" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். யாருடைய ரேஷன் கார்டையோ இடது கையால் மெஷினில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"தெரியும்ண்ணே. எனக்குக் காது கேக்காமலா போச்சு?" என்றார்.

"ஏன் சார் சொல்லல?"

"என்னான்னு சொல்ல? கீழ ஒருத்தர் சொன்னாரு, அதனால லைன்ல போய் ஒரசினேன்னா? பர்னர் என் கையில இருந்துச்சு. செத்த லைனா இருந்தாலும் லைன் லைன்தான், அத எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம். என் தப்பு என்னோடது. உங்களது உங்களோடது. நான் என்னோடதைச் சொல்லிட்டேன்."

பெரிய மனது என்று நினைத்துவிடாதே. அவருக்கு என்மேல் கோபம் இருக்கிறது, முகத்திலேயே இருக்கிறது. கிளம்பும்போது டீ சொல்லட்டுமா என்று கேட்டார். நான் சரி என்றேன். டீ வந்த பிறகு, மெஷினைப் பார்த்துக்கொண்டே, "உங்க பையன் பைலட் ஆயிட்டானாமே. கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில இருந்தப்ப வருவான்னு நெனச்சேன். ஒரு தரம்கூட வரலீங்கண்ணே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நீ ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். நீ தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஆள், கவனம் இல்லாமல் ஆறு பேரைக் கொல்லப் பார்த்தார் என்று உனக்குக் கோபம். நீ ரூமைச் சாத்திக்கொண்டு அழுததை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கதவைத் தட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ அவரிடம் போயிருப்பாய். என்னிடம் வந்திருக்க மாட்டாய். அந்தக் கணக்கையும் நான் அங்கேயே நின்று போட்டேன், பிரபு. உன்னை வைத்துக்கொள்வதற்காக அவரிடமிருந்து உன்னைப் பிடுங்கினேன். இதைவிடப் பச்சையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன், வாய் சும்மா இருக்காது. அங்கேயும் உனக்குக் கீழே ஒரு ஜீப் ஓடும். அதை ஓட்டுகிறவனுக்கும் முட்டி வலிக்கும், வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்றிருக்கும். நல்லவனாகத்தான் இருப்பான். அவன் சொல்வதைக் கேள். கேட்டுவிட்டு உன் கண்ணால் பார். சந்தேகமாக இருந்தால் நெருப்பு விட்டு மேலே போய்விடு. அவன் எவ்வளவு தூரம் சுற்றினாலும் சுற்றட்டும். முதல் காபியை அவனுக்குக் கொடு.

நாளை மறுநாள், சனிக்கிழமை, நாம் கல்லாவிக்கு உன் மாமாவிடம் சொல்லிக்கொள்ளப் போகிறோம். அம்மா வரவில்லை, நாம் இரண்டு பேர்தான். நண்பனுடைய ஜீப்பைக் கேட்டு வைத்திருக்கிறேன். மத்தூர் வழியில்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்துவேன். இந்தக் கடிதத்தை இன்று சாயங்காலம் உன் பையின் மேல் ஜிப்பில் வைத்துவிடுகிறேன், அதற்குள் நீ படித்திருப்பாய். நீ உள்ளே போ. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. நான் உள்ளே வரமாட்டேன், ஹாரன் அடிக்க மாட்டேன்.

நீ வெளியே வரும்போது ஜீப்பின் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். முன் சீட்டைத் துடைத்து வைத்திருப்பேன், ஃபிளாஸ்க்கில் காபி இருக்கும். பின்னால் போய் உட்கார வேண்டும் என்று தோன்றினால் பின்னால் உட்கார். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், கண்ணாடியில் பார்க்கவும் மாட்டேன். எங்கே உட்கார்ந்தாலும் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

அப்பா